வண்டி நிற்கிறது, ரோடு மட்டும் ஓடுகிறது: வடாற்காட்டு டிரைவிங் ஸ்கூல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், அந்தப் பக்கம் ஆரணி வரைக்கும், பழைய வடாற்காட்டில் சிமுலேட்டர், அதாவது அறைக்குள்ளேயே திரையைப் பார்த்து வண்டி ஓட்டிப் பழகுகிற இயந்திரம், வாங்கி வைத்திருக்கும் டிரைவிங் ஸ்கூல் முதலாளிகளுக்கும், அதற்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் மாஸ்டர்களுக்கும் வணக்கம்.

சண்டை போட இதை எழுதவில்லை. கொஞ்சம் கோபம் இருக்கிறது, எழுத எழுத அது தெரியத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சத்துவாச்சாரிக்காரி. வயது 43. பதினெட்டு வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், காட்பாடி ரோட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டியிருக்கிறேன் என்றால் என் தைரியம் எவ்வளவு என்று உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. வாரம் ஒரு தடவை ஆஸ்பத்திரி, ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவளும் அழுது நானும் அழுது ஆகிவிடுகிறது. சரி, தம்பியின் பழைய கார் வீட்டு வாசலில் சும்மாதானே நிற்கிறது, கற்றுக்கொள்வோம் என்று எல்எல்ஆர் போட்டு, ஒரு டிரைவிங் ஸ்கூலில் 6,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். எந்த ஸ்கூல் என்று சொல்லப் போவதில்லை. ஏன் என்றால், விசாரித்துப் பார்த்ததில் இது ஒரு ஸ்கூலின் கதையாகத் தெரியவில்லை.

மாடியில் ஒரு அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மூன்று டிவியை வளைத்து வைத்து, எதிரே ஒரு கார் சீட்டு, ஸ்டீயரிங், மூன்று பெடல், கியர் ராடு. ஏசி இருந்தது, ஓடவில்லை, ‘கேஸ் போடணும் மேடம்’ என்றார் மாஸ்டர். ஒரு டேபிள் ஃபேன் மட்டும் ஓடியது, அதுவும் மாஸ்டரின் மேஜையைப் பார்த்து. சித்திரை மாதம். வேலூரில் சித்திரை என்றால் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு அறை முழுக்க ஒரு ரூம் ஸ்பிரே வாசனை, டப்பாவில் மல்லிகை என்று போட்டிருந்தது, பூக்கட்டுகிற எந்தப் பெண்ணும் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

முதல் ஐந்து நிமிடம் ஜாலியாகத்தான் இருந்தது. கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி ஆஃப் ஆனாலும் பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் ‘சாவுகிராக்கி’ என்று திட்டவில்லை. ஹாஃப் கிளட்ச் என்றால் என்ன என்று கால் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்துகொண்டது. அப்புறம் ஒரு ரவுண்டானா வந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், கண் சிமிட்டுகிற நேரம் கழித்து மொத்த ஊரும் என்னைச் சுற்றி வழுக்கிக்கொண்டு போனது. மரம், வீடு, போஸ்ட்டு, எல்லாம் இடதுபக்கம் ஓடுகிறது, நான் உட்கார்ந்திருக்கும் சீட்டு மட்டும் அறைந்த ஆணி போல அப்படியே இருக்கிறது. வாயில் எச்சில் ஊறியது. கொட்டாவி வந்தது, தூக்கம் இல்லாமலேயே. ஒரு ஏப்பம். நெற்றியில் குளிர்ந்த வேர்வை. ‘மாஸ்டர், ஒரு மாதிரி இருக்கு’ என்றேன். அவர் போனிலிருந்து தலையை எடுக்காமல், ‘அப்படித்தான் இருக்கும் மேடம், ரோட்டையே பாருங்க’ என்றார்.

ரோட்டையே பார்த்தேன். அதுதான் தப்பு என்று இப்போது தெரிகிறது. மூன்றாவது திருப்பத்தில் காலையில் தின்ற இட்லி இரண்டும் மூலையில் இருந்த குப்பைக் கூடைக்குப் போயின.

நல்ல மனிதர்தான், தண்ணீர் கொடுத்தார், கூடையை அவரே எடுத்துப் போய்க் கழுவினார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் கழுவிவிட்டு வந்து என்ன சொன்னார் என்றால், ‘லேடீஸுக்கு பயம் ஜாஸ்தி மேடம், ரெண்டு வாட்டி உட்காந்தா சரியாயிடும்.’ சொல்லிவிட்டு நோட்டில் என் பெயருக்கு எதிரே ‘நெர்வஸ்’ என்று எழுதினார். தமிழ் எழுத்தில்தான் எழுதினார், தலைகீழாகவே படித்துவிட்டேன்.

பயமா? உட்கார்ந்திருப்பது மாடி அறையில், மோதினாலும் டிவிக்குள்தான் மோதும், இதில் எதற்குப் பயப்படுவது?

பத்தே நிமிடத்தில் ‘போயிட்டு நாளைக்கு வாங்க’ என்று அனுப்பிவிட்டார். ஸ்கூட்டரை எடுத்தேன். கிரீன் சர்க்கிளில் திரும்பும்போது ரோடு ஒரு நொடி சாய்ந்தது. நிஜ ரோடு, நிஜ லாரி, நிஜப் பேருந்து. ஓரத்தில் நிறுத்தி ஒரு கரும்புச்சாறு வண்டியின் நிழலில் இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தேன். இந்த மடலில் நீங்கள் ஒரே ஒரு விஷயத்தைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். சிமுலேட்டரில் தலை சுற்றியவரை உடனே வண்டிச் சாவியோடு வெளியே அனுப்பாதீர்கள். இறங்கிய பின்னும் சிலருக்கு மணிக்கணக்கில் அந்த ஆட்டம் உடம்பில் இருக்கும். சில நாட்டுப் படைகளில் சிமுலேட்டரில் உட்கார்ந்த விமானிகளை அப்புறம் குறிப்பிட்ட நேரம் வரை நிஜ விமானத்தைத் தொடவிடாமல் வைத்திருப்பதே இதற்காகத்தான். விமானிக்கே அப்படி என்றால் ஸ்கூட்டி பெப்பில் வந்த எனக்கு?

அடுத்த நாள் போகவில்லை. மூன்றாம் நாள் எங்கள் பெரியக்கா வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமா லாரி டிரைவர். ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குத் தோல் லோடு அடிப்பவர், இருபத்திரண்டு வருட ஹெவி லைசென்ஸ். வீட்டிலேயே என்னைக் கிண்டல் அடித்துக்கொண்டுதான் வந்தார், ‘டிவி பாத்து வாந்தி எடுத்தவ நீ ஒருத்திதான்’ என்று. மாஸ்டரும் ‘அண்ணா நீங்க ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்க, மேடத்துக்குத் தைரியம் வரும்’ என்றார்.

மாமா உட்கார்ந்தார். கியர் போட்டார், கிளம்பினார், அழகாகத்தான் போனார். முதல் சிக்னலில் பிரேக் அடித்தார் பாருங்கள், உடம்பு தானாக முன்னுக்கு வளைந்தது, பிறகு எதற்கு வளைந்தோம் என்று தெரியாமல் பின்னால் வந்தது. அடுத்த பிரேக்குக்கும் அப்படியே. ஏழு எட்டு நிமிடத்தில் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். முகம் வெளிறியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார், திரையில் வண்டி ஒரு பள்ளிக்கூடச் சுவருக்குள் போய் நின்றது. ‘இன்னாம்மா இது, வண்டி நிக்குது, ரோடு மட்டும் ஓடுது’ என்றார்.

மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. இருபத்திரண்டு வருட லாரி டிரைவருக்கு ‘நெர்வஸ்’ என்று எழுத முடியாதல்லவா.

மாமா சொன்ன அந்த ஒரு வரிக்குள் எல்லாம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நான் படித்ததெல்லாம் அதற்கு விளக்கவுரைதான்.

நம் காதுக்குள், கேட்கிற பகுதிக்குப் பக்கத்திலேயே, அசைவை அறிகிற உறுப்பு ஒன்று இருக்கிறது. மூன்று திசைக்கு மூன்று சின்ன வளையல் மாதிரிக் குழல்கள், உள்ளே திரவம். தலை திரும்பினால் அந்தத் திரவம் பின்தங்கி, இந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று மூளைக்குச் சொல்லும். அதோடு இரண்டு சின்னப் பைகள், அவற்றில் மணல் பொடி மாதிரி சுண்ணாம்புக் கற்கள். வண்டி வேகம் எடுத்தால், பிரேக் அடித்தால், சாய்ந்தால் அந்தக் கல் நகர்ந்து தகவல் கொடுக்கும். கண் ஒரு சாட்சி, காது ஒரு சாட்சி, காலும் இடுப்பும் முதுகும் இன்னொரு சாட்சி. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் மூளை நிம்மதியாக இருக்கும். சாட்சிகள் மாற்றிச் சொன்னால்தான் குமட்டல். உளவியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ரீசன் 1970களில் விளக்கமாகச் சொன்ன கருத்து இது. வேறு விளக்கங்களும் உண்டு, உடம்பு தன்னை நிலைநிறுத்திக்கொள்ள முடியாமல் தடுமாறுவதுதான் காரணம் என்று ஒரு கட்சி இருக்கிறது. எனக்கு சாட்சிக் கதைதான் புரிகிறது.

ஏலகிரி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒன்பது வயதில் என் பள்ளிச் சுற்றுலாவில் பாரியோ ஓரியோ யாரோ ஒரு வள்ளல் வளைவில் நான் ஜன்னல் வழியாக வாரி வழங்கினேன். அங்கே நடப்பது என்ன? காது சொல்கிறது, திரும்புகிறோம், திரும்புகிறோம் என்று. கண்ணோ முன்சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் அசையவில்லையே என்கிறது. அதனால்தான் பாட்டிமார்கள் ‘ஜன்னல் வழியா தூரமாப் பாரு’ என்கிறார்கள். தூரத்தில் இருக்கும் மலையைப் பார்த்தால் கண்ணும் காதும் சமாதானம் ஆகிவிடும். அதனால்தான் அதே பஸ்ஸை ஓட்டுகிற டிரைவருக்கு ஒன்றும் ஆவதில்லை, எந்த வளைவு எப்போது வரும் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும், கையே அதைச் செய்கிறது.

சிமுலேட்டர் இதைக் குப்புறப் போட்டது. கண் சொல்கிறது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறோம், இதோ வலதுபக்கம் திரும்பினோம் என்று. காது சொல்கிறது, காலையிலிருந்து இந்த நாற்காலியில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன் என்று. மாஸ்டர் ‘ரோட்டையே பாருங்க’ என்றது பஸ்ஸுக்குச் சரியான வைத்தியம், இங்கே அது பொய்ச்சாட்சியை இன்னும் உரக்கப் பேசவிடுவது மாதிரி. இங்கே செய்ய வேண்டியது மாமா தானாகச் செய்தது, கண்ணை மூடுவது.

இத்தனை வருடம் ஓட்டிய மாமாவுக்கும் ஏன் வந்தது என்பதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1957-லேயே அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சி இயந்திரம் ஒன்றில் ஹேவ்ரன், பட்லர் என்ற இருவர் இதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். சிமுலேட்டர் குமட்டல் பற்றிய முதல் பதிவு என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். அந்த இயந்திரத்தில் புதுசாகப் படிக்க வந்த பையன்களைவிட, நிஜ ஹெலிகாப்டர் ஓட்டிப் பழகிய ஆசிரியர்களுக்குத்தான் அதிகமாக வந்தது. காரணம் நினைத்துப் பார்த்தால் எளிது. பழகியவர் உடம்பில், பிரேக் அடித்தால் முன்னால் தள்ளும், திருப்பினால் பக்கவாட்டில் இழுக்கும் என்று ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது. இயந்திரம் படத்தை மட்டும் காட்டி, அந்தத் தள்ளுதலைத் தராமல் ஏமாற்றுகிறது. கணக்குத் தெரிந்தவனுக்குத்தானே ஏமாற்று உடனே உறைக்கும். எனக்கு வந்தது வேறு ரகம், நான் சின்ன வயதிலிருந்தே பஸ்ஸில் பாலிதீன் கவரோடு போகிறவள், உடம்பு வாகு அப்படி. அதற்கும் தைரியத்துக்கும் சம்பந்தம் இல்லை.

நம்பாதவர்களுக்கு இன்னொன்று சொல்கிறேன். 1950களின் கடைசியில் அமெரிக்காவில், வாஷிங்டனில் காது கேளாதோருக்கான ஒரு கல்லூரியிலிருந்து பதினோரு ஆண்களை விண்வெளி ஆராய்ச்சிக்காகத் தேர்ந்தெடுத்தார்கள். உள்காது பழுதுபட்டவர்கள் அவர்கள். சுற்றுகிற அறையில் வைத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கனடாப் பக்கம் கொந்தளிக்கிற கடலில் கப்பலில் ஏற்றினார்கள். அவர்கள் பாட்டுக்குச் சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம், சோதிக்கப் போன ஆராய்ச்சியாளர்கள்தான் வாந்தி எடுத்துச் சுருண்டு, சோதனையையே நிறுத்த வேண்டியதாயிற்று. பயம்தான் காரணம் என்றால் அந்தப் பதினோரு பேரும் ஆராய்ச்சியாளர்களைவிட வீராதி வீரர்கள் என்று சொல்ல வேண்டும். விஷயம் காதில் இருக்கிறது.

சரி, அசைவு குழம்பினால் வயிறு ஏன் புரட்ட வேண்டும்? 1977-ல் ட்ரீஸ்மன் என்பவர் ஒரு யோசனை சொன்னார். மனிதன் காட்டில் திரிந்த காலத்தில் கண்ணும் காதும் முரண்பட்டால் அதற்கு ஒரே காரணம், விஷக்காயோ காளானோ எதையோ தின்றுவிட்டான் என்பதுதான். அதனால் மூளை, முதலில் வெளியே எடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று உத்தரவு போடுகிறது என்று. ஊகம்தான், ஆனால் இரண்டு இட்லி தெரியாமல் செய்த பாவத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிமுலேட்டரைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையத்துக்கு சிமுலேட்டரும் தனி டிராக்கும் வேண்டும் என்று எனக்கும் தெரியும். கார் கற்றுக்கொள்ள 4 வாரத்துக்குள் 29 மணி நேரம், அதில் 8 மணி பாடம், 21 மணி செய்முறை. நல்ல விஷயம்தான். எட்டு போட மட்டும் சொல்லிக் கொடுத்து ஹைவேயில் இறக்கிவிட்ட காலத்தை நினைத்தால் ஆயிரம் மடங்கு நல்லது. ராத்திரி மழையில் எதிரே வருகிறவன் ஹைபீம் போட்டால் என்ன செய்வது என்பதை உயிருக்கு ஆபத்தில்லாமல் பழக வேறு எங்கே முடியும்? ஆனால் கருவியை வாங்கியவர்கள் அதில் உட்கார்கிற உடம்பையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

முதல் நாளே முக்கால் மணி நேரம் உட்கார வைக்காதீர்கள். பத்து நிமிடம் போதும். நேர் ரோடு, மெதுவான வேகம், முன்கூட்டியே தெரிகிற பிரேக். ரவுண்டானா, யூ டர்ன், சந்துக்குள் திருப்பம், இதெல்லாம்தான் குமட்டலின் தாய்வீடு, அவற்றை மூன்றாவது நான்காவது வகுப்புக்குத் தள்ளுங்கள். உடம்பு இதற்குப் பழகும், பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். மாஸ்டர் சொன்ன ‘ரெண்டு வாட்டி உட்காந்தா சரியாயிடும்’ முழுப் பொய் இல்லை. ஆனால் சின்னச் சின்ன வேளையாக, நடுவில் இடைவெளி விட்டு உட்கார்ந்தால்தான் பழகும். வாந்தி வரும்வரை உட்கார வைத்தால், அந்த மல்லிகை ஸ்பிரே வாசனை வந்தாலே குமட்டுகிற அளவுக்கு வேறு மாதிரிப் பழகிவிடும். எனக்கு ஆகிவிட்டது, துணிக்கடையில் அதே வாசனை வந்தால் வெளியே வந்துவிடுகிறேன்.

சீட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நான் உட்கார்ந்த சீட்டு நடுத்திரைக்கு நேராக இல்லை, இடம் போதாமல் ஒரு முழம் இடதுபக்கம் தள்ளிப் போட்டிருந்தார்கள். படம் எந்த இடத்திலிருந்து பார்க்க வரையப்பட்டதோ அந்த இடத்தில் கண் இல்லை என்றால், ரோடு வளைகிற விதமே தப்பாகத் தெரியும். அதோடு, ஸ்டீயரிங் திருப்பியதற்கும் படம் திரும்புவதற்கும் நடுவே அந்தக் கண் சிமிட்டுகிற தாமதம் இருக்கிறதே, அது சின்ன விஷயம் இல்லை. கம்ப்யூட்டர் பழசு, தூசி ஏறிவிட்டது என்றால் கூப்பிட்டுச் சரி பண்ணுங்கள். விற்றவன் வந்து, ‘ஆடுற சீட்டு மாடல் இருக்கு சார், அதைப் போட்டா வாந்தியே வராது’ என்பான். முழுசாக நம்ப வேண்டாம். படத்தோடு கச்சிதமாகப் பொருந்தி ஆடினால் உதவலாம். பொருந்தாமல் சும்மா ஆடினால் சாட்சிகளின் சண்டை இன்னும் கூடும். ஐந்து நொடிக்கு ஒரு தடவை மெல்ல ஏறி இறங்குகிற ஆட்டம்தான் இருப்பதிலேயே குமட்டக்கூடியது என்று கண்டுபிடித்திருக்கிறார்கள், கப்பல் ஆட்டம் அது. காசு கொடுத்துக் கப்பலை மாடிக்குக் கொண்டு வந்த கதையாகிவிடும்.

கறுப்புத் துணியைக் கொஞ்சம் விலக்குங்கள். திரைக்கு வெளியே அசையாத ஏதாவது ஒன்று, ஒரு சுவர், ஒரு காலண்டர், ஓரக்கண்ணில் படட்டும், அது மூளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு தூண். அறை புழுக்கமாக இருக்கக் கூடாது, முகத்தில் காற்று பட வேண்டும். அடுத்த ஆளைப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்து ‘பாத்துக் கத்துக்குங்க’ என்று சொல்வதையும் நிறுத்துங்கள், ஸ்டீயரிங் கையில் இல்லாமல் வெறுமனே பார்க்கிறவருக்கு எந்தத் திருப்பம் வரும் என்றும் தெரியாது. மாமா ஓட்டும்போது பின்னால் நின்ற எனக்கே மறுபடி புரட்டியது.

உட்காரும் முன் ஒரு கேள்வி கேளுங்கள். சளி, காதுவலி, ஒற்றைத் தலைவலி உண்டா, ராத்திரி தூக்கம் கெட்டதா, பஸ்ஸில் வாந்தி வருமா, மாசமாக இருக்கிறீர்களா. ஆம் என்றால் வேறு நாள் வரட்டும், அல்லது ஐந்து நிமிடம் மட்டும். வயதானவர்களுக்கு இது கூடுதலாக வரும், அறுபதுக்கு மேல் ஒரு ஐயா லைசென்ஸ் புதுப்பிக்கிற ஆசையில் உட்கார்ந்தால் பக்கத்திலேயே இருங்கள். யாராவது அவோமின் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தேன் என்றால் அன்றைக்கு நிஜ வண்டியில் ஏற்றாதீர்கள், அது தூக்கத்தைக் கொண்டு வருகிற மாத்திரை. எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா எல்லாம் என் பையிலும் இருக்கிறது, மனதுக்கு இதம், அவ்வளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. ‘நெர்வஸ்’ என்று எழுதுவதற்கு பதில் நடந்ததை எழுதுங்கள். இதற்கென்றே ஒரு கேள்வித்தாள் உலகம் முழுக்க இருக்கிறது, கென்னடி என்பவரும் அவர் கூட்டாளிகளும் 1993-ல் வெளியிட்டது. பதினாறு அறிகுறி, ஒவ்வொன்றுக்கும் இல்லை, கொஞ்சம், நடுத்தரம், கடுமை என்று நான்கில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். குமட்டல், எச்சில் ஊறல், வேர்வை, கண் அசதி, பார்வை மங்கல், தலை கனம், கண்ணை மூடினால் சுற்றுகிறதா, திறந்தால் சுற்றுகிறதா என்றெல்லாம் கேட்கிறது. கடைசியில் ஏப்பம் கூட இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்கு உயிரே வந்தது, என் ஏப்பத்துக்குக் கூட 1993-லேயே இடம் ஒதுக்கியிருக்கிறார்கள், நான் ஒன்றும் விசித்திரப் பிறவி இல்லை. அதைத் தமிழில் ஒரு பக்கத்தில் ஜெராக்ஸ் போட்டு வையுங்கள். இறங்கியவுடன் ஒரு தடவை, அரை மணி கழித்து ஒரு தடவை டிக் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தாளில் எல்லாம் ‘இல்லை’ என்று வந்தால் வண்டிச் சாவியைக் கொடுங்கள். அதுவரைக்கும் கீழே டீக்கடையில் உட்காரட்டும், டீக்காசு நாங்களே கொடுத்துக்கொள்கிறோம்.

வருகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள், அதில் நிறையப் பேர் வீட்டில் ஒரு போராட்டம் நடத்தி முடித்துத்தான் உங்கள் படி ஏறுகிறார்கள். ‘உனக்கு எதுக்குக் காரு’ என்று கேட்ட மாமனாருக்கு, ‘வாந்தி எடுத்துட்டா, பயந்துட்டா’ என்கிற ஒரு வார்த்தை போதும், அந்த 6,500 ரூபாயோடு கதை முடிந்துவிடும். எங்கள் தெருவிலேயே ஒருத்தி அப்படி நின்றுவிட்டாள். கெட்டிக்காரி, எம்80 ஓட்டிக்கொண்டு பால் ஊற்றியவள். சிமுலேட்டரில் தலை சுற்றியதும் ‘உங்களுக்கு செட் ஆகாது’ என்று அவளிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிஜக் காரில் ஒரு நாள் கூட உட்கார வைக்கவில்லை. சிமுலேட்டரில் குமட்டியவருக்கு நிஜக் காரின் ஸ்டீயரிங் முன்னால் குமட்டும் என்று அர்த்தம் இல்லை. அங்கே கண்ணும் காதும் ஒரே கதையைத்தான் சொல்லும்.

எனக்கு அப்படித்தான் ஆனது. மாமா தலையிட்டுப் பேசி, மிச்ச வகுப்பில் முதல் நான்கை நேராக, மாஸ்டர் பக்கமும் பெடல் இருக்கிற டபுள் கண்ட்ரோல் காரில் எடுக்க ஒத்துக்கொண்டார்கள். காலை ஆறு மணி, ரங்காபுரம் தாண்டி சர்வீஸ் ரோடு. நாலு தடவை ஆஃப் ஆனது, ஒரு ஆட்டோக்காரர் திட்டினார், ஒரு மாடு நகர மாட்டேன் என்றது. குமட்டல் மட்டும் வரவே இல்லை. பிரேக் அடித்தபோது உடம்பு முன்னால் போய் வந்தது, அந்தத் தள்ளுதல் அவ்வளவு சுகமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மாஸ்டர், இந்த மடலை நீங்களும் படிப்பீர்கள் என்று தெரியும், உங்கள் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. வரும் செவ்வாய்க்கிழமை காலை சிமுலேட்டர் வகுப்புக்கு வருகிறேன், மழை ரோடும் ராத்திரி ரோடும் பாக்கி இருக்கின்றன. பத்து நிமிடம்தான் உட்காருவேன். அந்த ரூம் ஸ்பிரேயை அன்றைக்கு அடிக்காதீர்கள். ஃபேனை என் பக்கம் திருப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
எல் போர்டு மாட்டிய ஒரு சத்துவாச்சாரிக்காரி